ஈயம் என்றால் எந்த ஈயம்?

'டிங்கரிங், பெயிண்டிங் செய்யப்படும்' என்ற பலகை இல்லாத ஊர் நம்மிடம் இருக்காது. நசுங்கிய கார் கதவைத் தட்டி நிமிர்த்துபவர் நமக்கு டிங்கர். அந்த ஆங்கிலச் சொல் முதலில் குறித்தது வேறு ஆளை. பிரிட்டனில் ஊர் ஊராகப் போய், ஓட்டை விழுந்த கெட்டிலையும் சட்டியையும் அடைத்துக் கொடுத்தவர்தான் டிங்கர். 13-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே இந்தத் தொழிற்பெயர் இருக்கிறது. தகட்டைத் தட்டும் ஓசையிலிருந்து வந்த சொல் என்பது ஒரு விளக்கம். அகராதிக்காரர்கள் அதை முடிந்த முடிவாகச் சொல்வதில்லை. எதையாவது நோண்டிக்கொண்டிருப்பது என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது.

நம் தெருக்களில் அந்த வேலையைச் செய்தவர் ஈயம் பூசுபவர். இன்று பித்தளைப் பாத்திரமும் ஈயச் சொம்பும் மறுபடி மவுசுக்கு வந்துவிட்டதால் அவருக்கும் வேலை வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு குழப்பத்தைத் தீர்க்காமல் விட முடியவில்லை.

தமிழில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். வெள்ளீயம் (ஆங்கிலத்தில் டின்) வேறு, காரீயம் (லெட்) வேறு. ரசச் சொம்பு செய்வதும் பித்தளைக்குள் பூசுவதும் வெள்ளீயம். 2015-இல் நூடுல்ஸில் ஈயம் என்று செய்தி வந்ததே, அது காரீயம், நஞ்சு. பெயர் ஒன்றாக இருப்பதால், செய்தியைப் படித்து ஒருவர் பாட்டியின் சொம்பைப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார். இன்னொருவர் "ஈயம் நம் முன்னோர் பயன்படுத்தியதுதானே" என்று எது கிடைத்தாலும் வாங்குகிறார். எனக்குக் கவலை தருவது இரண்டாமவர்.

பூசும் வேலையைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? துலக்கிய பாத்திரத்தைக் கரி அடுப்பில் காய்ச்சுவார்கள். நவச்சாரம் என்ற உப்பைத் தூவியதும் வெள்ளைப் புகை எழும். அதுதான் பித்தளை மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, ஈயம் பிடிக்க இடம் கொடுக்கிறது. ஈயக் கம்பியை உள்ளே தொட்டதும் உருகும். பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் தேய்த்தால் மஞ்சள் மறைந்து வெள்ளிபோல் மின்னும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். காரீயம் கலந்த, சாலிடர் (மின்கம்பிகளைப் பற்றவைக்கும் ஈயம்) போன்ற கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், பூசவும் சுலபம். விலையோ வெள்ளீயத்தைவிடக் காரீயம் பல மடங்கு மலிவு. கலப்படத்துக்கு வேறென்ன காரணம் வேண்டும்? பூசுபவருக்கே தெரியாமல் கடையிலிருந்து கலப்படக் கம்பி வந்து சேருவதும் உண்டு.

பூசி முடித்தபின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நாங்கள் எக்ஸ்-கதிர் கருவியை வைத்துப் பார்ப்போம், சில நொடிகளில் எண்கள் வந்துவிடும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பூச்சு மெல்லியது என்பதால் அடியில் இருக்கும் பித்தளையும் சேர்ந்தே தெரியும். பித்தளையிலேயே கொஞ்சம் காரீயம் இருக்கலாம். அதனால்தான் வருபவர்களிடம், முடிந்தால் பூசுவதற்கு முன்பே கம்பியில் ஒரு துண்டு கொண்டுவாருங்கள் என்கிறேன். சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று சத்தம் கேட்கும். காரீயம் அதிகம் கலந்த கம்பியை வெள்ளைத் தாளில் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். இவற்றில் தேறிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சிறிய அளவுக் கலப்படம் இரண்டுக்கும் தப்பிவிடும்.

ரசம் என்றால் புளியும் தக்காளியும். இரண்டின் அமிலமும் காரீயத்தைக் கரைத்து எடுக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கும் காரீயத்தில் பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு குழந்தைகள் உடலில் ஏறக்கூடும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சாப்பாட்டில் ருசிகூட மாறாது.

பூச்சே இல்லாத பித்தளையில் புளிப்பு சமைப்பதும் தவறு. களிம்பு ஏறி, செம்பு உணவில் இறங்கினால் குமட்டலும் வாந்தியும் வரும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தாலே மறுபடி பூச வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் எண்ணெய்ச் சூடு 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், பூச்சு உருகும் 232 டிகிரியையும் எட்டிவிடலாம். ஈயச் சொம்பையும் வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது. உள்ளே ரசம் இருக்கும்வரை அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ரசம் வற்றினால் சொம்பு உருகி ஒழுகிவிடும். ரசத்தையும் மோரையும் இரவு முழுக்க அதில் விட்டுவைக்காதீர்கள்.

சொம்பு வாங்கும்போது வெள்ளீயம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே சந்தேகமான பாத்திரத்தில் சமைத்துக்கொண்டிருந்தால், முதலில் அதை ஓரமாக வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். நச்சை நீக்கும் என்று விற்கிற பொடிகளை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். சில பொடிகளிலேயே காரீயம் இருந்திருக்கிறது.