ஒழுகாமல் இருக்க எந்த அளவு பொருந்த வேண்டும்? கணினி வாட்டர் கூலிங்கில் ட்யூபும் ஃபிட்டிங்கும்

கணினிக்குத் தானே வாட்டர் கூலிங் லூப் (சூட்டை எடுத்துச் செல்லத் தண்ணீர் சுற்றி ஓடும் பாதை) கட்ட இறங்குபவர்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது ட்யூபின் அகலத்தைப் பற்றித்தான். அகலம் கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்று ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டால் அது நிற்காது. நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் ஓடும்போது அதில் 300 வாட் வெப்பத்தை இறக்கினால், தண்ணீரின் சூடு ஏறுவது சுமார் 1 டிகிரிதான். ஓட்டம் பாதியாகக் குறைந்தாலும் 2 டிகிரி. தண்ணீருக்கு உண்மையான தடை இருப்பதும் ட்யூபில் இல்லை, சி.பி.யு. மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக்குக்குள் நெருக்கமாக வெட்டியிருக்கும் மெல்லிய செப்புத் தகடுகளுக்கு நடுவில். ஆகவே 10 மி.மீ. உள்விட்டமா, 13 மி.மீ. உள்விட்டமா என்று அலைய வேண்டாம், எது பிடிக்கிறதோ எடுங்கள். ஆனால் எடுத்த ட்யூபுக்கு ஃபிட்டிங், அதாவது ட்யூபை மற்ற பாகங்களோடு இணைக்கும் துண்டு, கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அங்கேதான் சமாச்சாரம் இருக்கிறது.

எந்த இணைப்பைப் பார்த்தாலும், இந்த இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது எது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஃபிட்டிங்கைத் திருகும் துளை. பிளாக், ரேடியேட்டர், பம்ப் என்று அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது ஜி1/4 மரை. பெயரில்தான் கால் அங்குலம், மரையின் வெளிவிட்டம் 13 மி.மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இது நேர் மரை, அதனால் எவ்வளவு திருகினாலும் மரை தண்ணீரை அடைக்காது. அடைப்பது ஃபிட்டிங்கின் கழுத்தில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங். டெஃப்லான் டேப் இங்கே தேவையே இல்லை. கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனரை எடுத்து முறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கும் அல்லது அக்ரிலிக் பிளாக் விரிசல் விடும். குழாய் வேலையில் வரும் என்.பி.டி. கால் அங்குல மரையும் பார்க்க ஏறக்குறைய இதே மாதிரிதான், ஆனால் அது கூம்பு மரை, அங்குலத்துக்கு 18 சுற்று, ஜி1/4-ல் 19. இரண்டு சுற்று ஏறிவிடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் ட்யூப் பக்கம். வளையும் ட்யூபில் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் என்றால் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டுமே பொருந்த வேண்டும், ஏனென்றால் ட்யூபின் உள்பக்கம் ஃபிட்டிங்கின் முனையைக் கவ்வுகிறது, வெளியிலிருந்து வளையம் அதை நெரிக்கிறது. 10/16 (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ.) ஃபிட்டிங்கில் 10/13 ட்யூபைப் போட்டால் உள்ளே சரியாகத்தான் ஏறும், ஆனால் வளையத்துக்கு நெரிக்க ஒன்றும் கிடைக்காது. வளையம் இல்லாத பார்ப் ஃபிட்டிங்குக்கு உள்விட்டம் மட்டும் போதும், மேலே ஒரு கிளாம்ப். 10/13-ன் சுவர் ஒன்றரை மி.மீ.தான், கூர்மையாக வளைத்தால் மடங்கிவிடும். 10/16-க்கு 3 மி.மீ., தாராளமாக வளைக்கலாம்.

கெட்டி ட்யூபில் கதை தலைகீழ். அங்கே ஓ-ரிங் வெளிப்பக்கத்தைத்தான் பிடிக்கிறது, உள்விட்டத்தைப் பற்றி ஃபிட்டிங்குக்குக் கவலை இல்லை. வளையும் ட்யூப் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அதனால் 3/8 அங்குலமும் (9.5 மி.மீ.) 10 மி.மீட்டரும் ஒன்று என்று விற்றாலும் ஓடிவிடுகிறது, கெட்டி ட்யூபில் அரை அங்குலத்தையும் (12.7 மி.மீ.) 12 மி.மீட்டரையும் கலக்கவே முடியாது. வெட்டிய முனையைப் பிசிறில்லாமல் சரிவாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நுழையும்போதே அது ஓ-ரிங்கைக் கீறிவிடும். ட்யூப் நேராகவும் நுழைய வேண்டும். கோணலாக நின்றால் ஓ-ரிங்கின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளரும், அந்தத் தளர்ந்த பக்கம் என்றைக்காவது ஒரு நாள் சொட்ட ஆரம்பிக்கும்.

கெட்டி ட்யூபில் பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரியிலேயே இளகும், அக்ரிலிக் 100-ஐத் தாண்டும் வரை தாங்கும். சாதாரணமாக லூப்பில் தண்ணீர் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் இருக்கும், ஆனால் பம்ப் நின்று சூடு ஏறினால் பி.இ.டி.ஜி. ஃபிட்டிங்குக்குள்ளேயே மெலிந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அக்ரிலிக்குக்கு வேறு பலவீனம்: வளைத்ததில் இறுக்கம் தங்கிய இடத்தில் ஆல்கஹால் பட்டால் நுண்ணிய விரிசல் விழும். வளையும் ட்யூபில் கண்ணாடி போலத் தெரியும் பி.வி.சி.யிலிருந்து அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, பிளாக்கின் செப்புத் தகடுகளுக்கு நடுவே பசையாகப் படியும். கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை, உள்ளே ஓடுவது தெரியாது, அவ்வளவுதான். அழகை விட நிம்மதி முக்கியம் என்பவருக்கு என் ஓட்டு அதற்கே.

ஃபிட்டிங் நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கட்டும். செம்பு பிளாக் உள்ள லூப்பில் அலுமினியம் எதுவும் சேரக் கூடாது. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். கடைசியாக, கூலன்ட் ஊற்றும் முன் காற்றால் சோதியுங்கள்: அரை பார் அழுத்தம் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் மீட்டரின் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் எங்கோ ஒரு ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. மதர்போர்டு நனையாமலே அதைத் தேடிப் பிடித்துவிடலாம்.