சர்வர் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது காலாவதித் தேதியையும் பாருங்கள்

2019-இல் ஒரு திங்கட்கிழமை காலை, மொத்தத் துணி வியாபாரி ஒருவரின் ஆர்டர் எடுக்கும் வலைத்தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகத் திறந்தது. யாரும் அதில் கை வைக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். தளத்தைத் தன் சர்வரில் (இணையத்தில் தளத்தை வழங்கும் கணினியில்) வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம், தளம் எழுதப்பட்ட பிஎச்பி என்ற சர்வர் மொழியின் 5.6 பதிப்பை எடுத்துவிட்டு 7-ஆம் வரிசைக்கு மாறியிருந்தது. அதற்கான முன்னறிவிப்புகளோ, 2014-இல் தளத்தை எழுதிக் கொடுத்துவிட்டு எப்போதோ வேலை மாறிப் போன டெவலப்பரின் மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருந்தன.

பிழைப் பதிவேட்டில், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தோடு இணைக்கும் பழைய ஃபங்ஷன் (மொழியோடு வரும் ஆயத்தக் கட்டளை) இல்லை என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது. அந்த ஃபங்ஷன்களைக் கைவிடப் போவதாக 2013-இல் வந்த பிஎச்பி 5.5 எச்சரித்தது, 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் அவை அடியோடு நீக்கப்பட்டன. ஆக, நீக்கப்படவிருந்த ஒன்றின் மீதுதான் அந்தத் தளம் முதல் நாளிலேயே கட்டப்பட்டிருக்கிறது. மாற்றி எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பது வேறு கேள்வி: "பிஎச்பி செத்துவிட்டதாமே, நோட் ஜேஎஸ்ஸில் செய்து தருவீர்களா?" நோட் ஜேஎஸ் என்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வரில் ஓட்டும் கருவி. விக்கிப்பீடியாவும் வேர்ட்பிரஸ் தளங்களும் இன்றும் பிஎச்பியில்தான் ஓடுகின்றன என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. எந்த மொழி புதியது என்பதைவிட, தேர்ந்தெடுக்கும் பதிப்புக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், எழுதியவர் போனபின் உங்கள் ஊரில் அதைத் திறந்து பார்க்க ஆள் உண்டா என்பவையே முக்கியம். பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் இப்போதைய விதிப்படி 4 ஆண்டு. பைத்தான் மொழியில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 3 ஆண்டு. பைத்தான் 3 வெளியானது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தபோதும் மாறாதவர்கள் இருந்தார்கள்.

வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். அரட்டை, வண்டி இருக்குமிடம் போல ஆயிரக்கணக்கான இணைப்புகள் திறந்தே இருக்கும் வேலைக்கு நோட் ஜேஎஸ் பொருத்தம். ஆனால் கனமான கணக்கை அதே திரெட்டில் (எல்லாக் கோரிக்கைகளையும் கவனிக்கும் ஒற்றை ஓட்டத்தில்) ஓடவிட்டால், அது முடியும்வரை மற்றவர் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

தமிழில் இயங்கும் தளங்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை பிஎச்பியின் வழக்கமான ஃபங்ஷன் 15 என்று சொல்லும், ஏனெனில் அது எண்ணுவது பைட்டுகளை, அதாவது கணினி சேமிக்கும் சிறு அலகுகளை; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. பைத்தான் 3-இல் அதுவே 5, ஏனெனில் கொம்பையும் புள்ளியையும் அது தனிக் குறியாக எண்ணும். நம் கண்ணுக்கு 3 எழுத்து. பெயரை 20 பைட்டில் வெட்டும்படி எழுதப்பட்ட ஒரு படிவத்தில் 'மீனாட்சிசுந்தரம்' என்பவர் 'மீனாட்' என்று நின்று, அதன் வாலில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பிஎச்பியில் இதற்கென வேறு ஃபங்ஷன்கள் உண்டு. எழுதியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இனிவரும் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சோதிடம் சொல்ல விரும்பவில்லை. பிரவுசருக்கு ஏற்றிவிட்ட வேலைகள் பல மீண்டும் சர்வருக்கே திரும்புகின்றன. பிரவுசரில் பக்கங்களைக் கட்டப் பயன்படும் ரியாக்ட் கூட சர்வரில் இயங்கும் கூறுகளைக் கொண்டுவந்துவிட்டது. 2014-இல் அறிமுகமான அமேசான் லாம்டா என்ற சேவை பரவலாக்கிய, நிரல் ஓடிய நேரத்துக்கு மட்டும் பணம் கட்டும் முறை சிறு தளங்களுக்குச் சிக்கனம்தான். ஆனால் அதற்கென்றே எழுதிய நிரலை இன்னோர் இடத்துக்குப் பெயர்ப்பது வீடு மாற்றுவதைவிடக் கடினம். அதைவிட எனக்குக் கவலை தருவது பிறர் எழுதிய பேக்கேஜ்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது. 2016-இல் லெஃப்ட் பேட் என்ற 11 வரி நிரல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து அகற்றப்பட்டதும், அதை நம்பியிருந்த பல திட்டங்கள் உலகெங்கும் பில்ட் (ஓடும் வடிவுக்குத் தொகுத்தல்) ஆகாமல் நின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, சில சமயம் இல்லாத பேக்கேஜையே இருப்பதாக எழுதித் தருகின்றன; அந்தப் பெயரில் விஷமிகள் ஒன்றைப் பதிவுசெய்து வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் துணி வியாபாரியின் தளம் இப்போது பிஎச்பி 8.3-இல் ஓடுகிறது. ஹோஸ்டிங் கணக்கும் டொமைனும் அவர் பெயருக்கே மாறிவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் முடியும் 2027 டிசம்பர் 31 என்ற தேதியைக் கடைக் கணக்குப்பிள்ளை, வண்டி இன்சூரன்ஸ் தேதிக்குக் கீழே, மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வைத்திருக்கிறார்.