தலைவருக்கு மணிமண்டபம், பணம் மட்டும் பொருளாளர் பெயரிலா?

மறைந்த தலைவர் ஒருவருக்குச் சிலையோ மணிமண்டபமோ எழுப்புவதற்காகக் குழு தொடங்கி, ஊரெங்கும் வசூல் செய்து, பிறகு இரண்டு தரப்பாகப் பிரிந்து ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருவோரின் எண்ணிக்கை குமரி மாவட்டத்தில் குறைவதாகத் தெரியவில்லை. அண்மையில் வந்த குழுவின் பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு ரூபாய்கூடத் தொடாதவர் என்று இரு தரப்பாருமே சொல்கிறார்கள். அவர் திடீரென்று இறந்துவிட்டார். அவருடைய ஓய்வூதியம், ரப்பர் தோட்டத்து வருமானம், மணிமண்டப நன்கொடை ஆகிய மூன்றும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடக்கின்றன. வங்கி அந்தப் பணத்தை நாமினியான மகனிடம் கொடுத்துவிட்டது. மகனோ தமக்கு எதுவும் தெரியாது என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

“அண்ணாச்சி தங்கமான மனுசன் சாரே, அவரு பேருல கிடந்தா என்ன?” என்பதுதான் இப்படிப்பட்ட எல்லாக் குழுக்களும் சொல்லும் பதில். ஆளின் நேர்மையும் பணத்தின் உரிமையும் வெவ்வேறு என்பதை எத்தனை முறை விளக்கினாலும் கேட்பவர்கள் மனத்தில் பதிவதில்லை என்பதால், மறுபடியும் விரிவாகவே எழுதுகிறேன். வங்கியைப் பொறுத்தவரை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதுதான் பணம். அவர் இறந்தால் நாமினி பெற்றுக்கொள்வார். அந்த நாமினியும் சட்டப்படியான வாரிசுகளுக்காக அதை வைத்திருப்பவரே தவிர, உங்கள் குழுவுக்காக வைத்திருப்பவர் அல்லர். பொருளாளர் யாருக்காவது கடன் ஜாமீன் போட்டு, அந்தக் கடன் வசூலாகாமல் போனால், நீதிமன்றம் முடக்கும் கணக்கில் தலைவரின் மண்டபப் பணமும் சேர்ந்தே முடங்கும். ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தப்பட்டால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நோட்டீஸ் வருவது பொருளாளரின் பான் எண்ணுக்குத்தானே தவிர, வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போட்ட குழுத் தலைவருக்கோ செயலாளருக்கோ அன்று. இரண்டு பேர் சேர்ந்து கூட்டுக் கணக்கு தொடங்கிவிட்டோம் என்று பெருமையோடு சொல்பவர்களுக்கும் இதேதான்: ஒருவருக்குப் பதில் இரண்டு குடும்பங்களைச் சிக்கலில் மாட்டுகிறீர்கள். பொருளாளரின் கூகுள் பே எண்ணை வசூல் நோட்டீஸில் அச்சடிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

தீர்வு புதிதன்று. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். இல்லையெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். சங்கத்தில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அரசியல் தலைவரின் பெயரிலான சங்கம் என்றால், கட்சியில் ஏற்படும் ஒவ்வொரு பிளவும் பொதுக்குழுவிலும் வந்து நிற்கும் என்பதால், பெரும்பாலான இடங்களில் அறக்கட்டளையே உசிதம் என்பது என் கருத்து. வழக்கறிஞர் நண்பர்கள் இதில் மாறுபடுவார்கள், மாறுபடட்டும். எந்த வடிவமாக இருந்தாலும் அதன் பெயரில் பான் எண், அதன் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம் ஆகியவை அமைந்த பிறகே முதல் ரூபாயை வாங்க வேண்டும். மண்டபம் கட்ட இயலாமற்போனால் சேர்ந்த பணம் எங்கே போகும் என்ற விதியையும் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அபசகுனம் என்று தயங்காதீர்கள்.

பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் அதைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, சிலைக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணுவோரும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் எட்டிவிடும் நெய்யாற்றின்கரையில், கன்னியாகுமரி நெடுஞ்சாலையை ஒட்டி மறைந்த தலைவர் ஒருவருக்குச் சிலை வைக்கக் கேரள அரசு அளித்த அனுமதி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சாலை, நடைபாதை உள்ளிட்ட பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை நிறுவ மாநில அரசுகள் இனி அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரி 18-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்த விவகாரத்தில்தான். எனவே மார்த்தாண்டம் சந்திப்பு, தக்கலை பேருந்து நிலையம் என்றெல்லாம் நோட்டீஸில் இடம் குறித்து வசூல் செய்வது, கிடைக்காத ஒன்றைக் காட்டிப் பணம் வாங்குவதாகும். பட்டா நிலம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வசூலுக்கு இறங்குங்கள்.

அரசியல் தலைவருக்கானதன்று எனினும், நம் மாவட்டத்திலேயே இருக்கும் விவேகானந்தர் பாறை நினைவகத்தை இங்கே குறிப்பிட வேண்டும். பாறையில் கட்டுவதற்கு அரசின் இசைவைப் பெறுவதற்காக, அப்பணியை முன்னின்று நடத்திய ஏக்நாத் ரானடே 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பங்களைத் திரட்டினார். நாடு தழுவிய பெரும் வசூல், ஒன்றிரண்டு ரூபாய் கொடுத்த எளியவர்களையும் உள்ளடக்கியது, அதற்குப் பின்னரே நடந்தது. 1970-இல் நினைவகமும் திறக்கப்பட்டது. நம் குழுக்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குகின்றன.

வரிச்சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவு செய்த சங்கம் என்பதாலேயே நன்கொடையாளருக்கு 80ஜி எனப்படும் சலுகை கிடைத்துவிடாது. வருமான வரித்துறையிடம் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். பெற்ற பின்னரும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்குச் சலுகை இல்லை.

வெளிநாட்டுப் பணம் நம் மாவட்டத்தில் தவிர்க்க முடியாதது. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை மகன் அனுப்புவது, அவர் பிறந்த ஊர் நம் மாவட்டத்துக் கருங்கலாகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதை வாங்கவே கூடாது. அனுமதி இருந்தாலும் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்று உறவினரிடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

ஏற்கெனவே வசூலைத் தொடங்கிவிட்டவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்போதே வசூலை நிறுத்தி, இதுவரை யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைத் தேதியோடு எழுதி, பொருளாளர் உட்பட எல்லாரும் கையொப்பமிட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் பெயரில் கணக்கு தொடங்கிய அன்றே மொத்தத் தொகையையும் காசோலையாக அதற்கு மாற்றுங்கள். அதன் பிறகு ஆடிட்டரிடம் வாருங்கள். வரும்போது ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு வராதீர்கள்.