எல்லாக் கழிவும் ஒரே பரலுக்குள் வேண்டாம்

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்தால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க அரிசி ஆலைகளின் பின்னால் உமி குவிந்துவிடும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பலர் உயிர்க்கரி, அதாவது உமி போன்ற கழிவைக் காற்றில்லாமல் சுட்டு மண்ணில் இடும் கரி, பக்கம் திரும்பினார்கள். அந்த ஆர்வம் இன்னும் அணையவில்லை என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் சோதித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வரும் கரியில் பாதி சாம்பல், மீதி வேகாத கட்டை.

படுவான்கரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தபோது மேலே வெள்ளைச் சாம்பல், நடுவில் நல்ல கறுப்பு, அடியில் கபில நிறத்தில் பிசுபிசுத்த வாழைப்பழத் தோல். “எல்லாத்தையும் ஒரே பரல்லதான், சேர், போட்டம்” என்றார். பிழை அவருடைய உழைப்பில் இல்லை. ஒவ்வொரு கழிவும் வெவ்வேறு சூட்டில் உடைகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒட்சிசன் கிடைக்காமல் மூடிவைத்துச் சூடாக்கினால் சேதனப் பொருள் எரியாது, சிதையும். இதுவே வெப்பச்சிதைவு, பைரோலிசிஸ். முதலில் ஈரம் போகும். அது முழுதாகப் போய் முடியும்வரை பொருளின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டி அதிகம் ஏறாது. அடுத்து, தாவர உடலைக் கட்டியிருக்கும் மூன்று முக்கிய பொருள்களான அரைச்செலுலோசு, செலுலோசு, லிக்னின் ஒவ்வொன்றாக உடையும். ஏறத்தாழ 220 முதல் 315 பாகைக்குள் அரைச்செலுலோசு உடைந்து அசற்றிக்கமிலமும் காபனீரொட்சைட்டும் வெளியேறும். 315 முதல் 400 வரை செலுலோசின் முறை. அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், கரியாகத் தங்குவது கொஞ்சம். லிக்னினுக்கு அப்படி ஒரு குறுகிய எல்லை இல்லை. 200க்கு முன்பே தொடங்கி 900 வரை மெதுவாக உடைந்துகொண்டே போகும். கரியில் மிகுதியாகத் தங்குவதும் அதுதான்.

இதைப் பார்க்கக் கருவி தேவையில்லை, புகை போதும். முதலில் வரும் வெள்ளைப் புகை நீராவி. பிறகு மஞ்சள் கலந்து, தடித்து, மூக்கை அரிக்கும் புகை வந்தால் அரைச்செலுலோசும் செலுலோசும் உடைகின்றன. புகை மெலிந்து நீலமாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது கரி தயார். இதன் பிறகும் காற்றை விட்டால் கரியே எரிந்து சாம்பலாகும்.

சிரட்டையில் லிக்னின் அதிகம். அதனால்தான் சிரட்டைக்கரி அவ்வளவு கெட்டி. சோளம் உதிர்த்த பொத்தியில் அரைச்செலுலோசு அதிகம், சீக்கிரம் உடைந்து நிறையப் புகை தரும். உமி தனி ரகம். அதை முழுக்க எரித்தால் 15 முதல் 20 வீதம் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பங்கு மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள். உமியைக் கறுப்பிலேயே நிறுத்துங்கள். மிகுந்த சூட்டில் வெளுக்கவிட்டால் காபன் போய்விடும், சிலிக்காவும் படிக நிலைக்கு மாறி, அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

பழக்கழிவுதான் பெரிய தலைவலி. மாம்பழத் தோல், பலாச்சடை, வத்தகப்பழத் தோல் எல்லாம் பெரும்பாலும் தண்ணீர். 80 வீதம் ஈரமுள்ள தோல் 10 கிலோவில் உலர்பொருள் 2 கிலோதான். மற்ற 8 கிலோ தண்ணீரை ஆவியாக்கவே, ஒரு சொட்டுச் சூடும் வீணாகாவிட்டாலும், ஒன்றரைக் கிலோ காய்ந்த உமியை முழுக்க எரிக்கும் வெப்பம் வேண்டும். திறந்த பரலில் சூடு பெருமளவு வீணாவதால் இன்னும் கூடும். தோலில் உள்ள சீனியும், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்ரினும் மரப்பொருளுக்கு முன்பே உடையும். வாழைப்பழத் தோலில் நிறைந்திருக்கும் பொட்டாசியம் சிதைவை இன்னும் முன்கூட்டியே தொடக்கிவிடும். ஆகவே தோல் கருகி முடியும் வேளையில் பக்கத்தில் கிடக்கும் சிரட்டை அரைகுறையாகவே இருக்கும். என் கருத்து இதுதான்: சந்தைப் பழக்கழிவைக் கூட்டெரு ஆக்குங்கள். கரிதான் வேண்டுமென்றால், ஒடியும்வரை வெயிலில் காயவைத்து, தனியாகப் போடுங்கள்.

கஜுக் கோதை வீட்டுப் பரலில் போடவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்துவிக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் வாட்டும். சந்தைக் கழிவோடு வரும் சொப்பிங் பேக்குகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். புகைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விளையாட விடுகிறோம், அதை நினைத்தாலே மனம் பதறுகிறது. கரி சுடும்போது வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொட்டிலுக்குள், மூடிய அறைக்குள் கரி சுடாதீர்கள்.

கரி சரிதானா என்று பார்க்க, ஒரு துண்டை விரலில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு போய்விட்டால் நல்லது. சவர்க்காரம் கேட்டால் உள்ளே தார் தங்கியிருக்கிறது, அதைத் திரும்பச் சுட வேண்டும். சரியான கரியையும் அப்படியே மண்ணில் போடாமல் கூட்டெருவுடன் கலந்து சில வாரம் வையுங்கள். இல்லாவிட்டால் பயிருக்குப் போக வேண்டிய நைதரசனைக் கரி பிடித்துவைக்கும். சுட்ட கரி வெளியே ஆறினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, மெல்லியதாகப் பரப்பி, மறுநாள் கை வைத்துப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்த பிறகே சாக்கில் கட்டுங்கள்.