இருமும்போதா, இருமிய பிறகா?

ஆரணியிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறும் நாளில் என் அத்தை காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை மாதத்திலும் அப்படித்தான். கேட்டால், "நாலு பெத்தவ. இருமினா கொஞ்சம் போவுது. அதுக்கு இன்னா பண்றது?" என்பார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை உறுத்தும், தொற்றும் எளிதில் வரும் என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார்.

புடவை நனைவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். காரணம்தான் ஒன்றில்லை. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் சொட்டினால் வாசர் தேய்ந்திருக்கலாம். தொட்டியே நிரம்பி வழிந்தால் வாசரை எத்தனை முறை மாற்றினாலும் ஈரம் நிற்காது.

வாசர் தேய்ந்த கதைதான் அதிகம் கேள்விப்படுவது. சிறுநீர் வெளியேறும் குழாயைக் கீழிருந்து தாங்குவது இடுப்புத் தளத் தசைகள். பிரசவத்தாலும் வயதாலும் அவை தளர்ந்துவிட்டால், இருமும்போதும் தும்மும்போதும் குடம் தூக்கும்போதும் வயிற்றில் ஏறும் அழுத்தத்தைக் குழாயால் தாங்க முடியாது. இன்னொரு வகையில் குழாய் சரியாகவே இருக்கும். பையின் சுவர்த் தசைதான், யாரும் சொல்லாமலே தானாகச் சுருங்கும். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதே அடக்க முடியாமல் போகிறது என்று பல பெண்கள் சொல்வது இதைத்தான். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. மூட்டுவலியால் கொல்லைக் கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுபவருக்குச் சிக்கல் பையில் இல்லை, முழங்காலில்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் உடனே வேண்டாம். முதலில் கேள்விகள்தான். அதிலும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: இருமும்போதே போகிறதா, இருமிய பிறகா? இருமிய அதே நொடியில் கொஞ்சம் தெறித்து நின்றுவிட்டால் தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. இருமி சில நொடி கழித்து, நிறுத்த முடியாமல் நிறையப் போனால், இருமல் பையின் தசையை உசுப்பிவிட்டிருக்கிறது. இரண்டு பேரும் டாக்டரிடம் "இருமினா போவுது" என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லி நேரிலேயே பார்க்கிறார்கள். பெண்களுக்குக் கூச்சமாக இருக்கும், உண்மைதான். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வந்து, 1918ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடமும் சொல்லாமல் வருபவர்கள் உண்டு.

அடுத்தது 3 நாள் கணக்கு. எப்போது, எவ்வளவு குடித்தோம், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது என்று எழுத வேண்டும். கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். அடிக்கடி போய் ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி என்றால் பை அவசரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் 400 மில்லி, நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், இல்லை குடிப்பதே அதிகம். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர் மாத்திரையும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். தொற்று இருக்கிறதா என்று சிறுநீரையும் சோதிப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியாவிட்டால், அல்லது அறுவை சிகிச்சையை யோசிக்கும்போது, அழுத்தப் பரிசோதனை. பைக்குள் ஒரு மெல்லிய குழாய், மலக்குடலில் இன்னொன்று. எதற்கு இரண்டு? இருமினால் வயிற்று அழுத்தம் பையையும் மலக்குடலையும் சேர்த்தே அழுத்தும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது பைத் தசை தானாகக் கொடுத்த அழுத்தம் மட்டும். பையை மெதுவாக நிரப்பிக்கொண்டே கவனிப்பார்கள். அப்படிக் கழித்து வந்த அழுத்தத்தைக் காட்டும் கோடு சமமாக இருந்தும் இருமும்போது கசிந்தால் தாங்கும் தசைதான் காரணம். கோடு தானாக எழும்பி, அதோடு கசிந்தால் பைத் தசை.

அத்தைக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இருமும்போது போகிறது, நாலு பிரசவம், எல்லாமே முதல் வகையைத்தான் காட்டியது. தசைப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள், அவரும் செய்துகொண்டிருந்தார். கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவர், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி உடனே ஸ்கேன் பார்த்தார். 50 மில்லிக்குள் மீதமிருந்தால் கவலையில்லை, 200க்கு மேல் என்றால் பை காலியாகவில்லை என்று பொருள். அத்தைக்கு 260. பல வருடச் சர்க்கரை நோய் பையின் நரம்புகளை மந்தமாக்கியிருந்தது. நிறைந்ததே அவருக்குத் தெரியவில்லை. தளும்பும் தொட்டி இருமும்போது சிந்தியது. யாராவது அவசர உணர்வுக்குத் தரும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால், அது பைத் தசையை இன்னும் தளர்த்தி நிலைமையை மோசமாக்கியிருக்கும்.

இப்போது சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறார். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணர்வு இல்லாவிட்டாலும் போகிறார். போனபின் எழுந்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி உட்கார வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. பஸ் ஏறும்போது கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ஒரே குறைதான்: "பஸ் ஸ்டாண்டுல வெளிய வந்துட்டு திரும்பப் போனா, ரெண்டு வாட்டி காசு கேக்கறான்பா."