டயபருக்குள் ஸ்டீராய்டும் தேங்காய் எண்ணெயும்

"வெளியில தடவுற மருந்துதானே டாக்டர், உள்ளேயா போயிடப் போகுது?" முகம் உப்பி வட்டமாகிப்போன கைக்குழந்தையோடு வருகிற பெற்றோர் கேட்பது இது. விசாரித்தால், டயபர் புண்ணுக்குக் கடையில் வாங்கிய குளோபீட்டசால் என்கிற மிக வீரியமான ஸ்டீராய்டு க்ரீமைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மாதக்கணக்கில் தடவியிருப்பார்கள். இந்த வாரமும் ஒரு குழந்தை.

போகும். நன்றாகவே போகும், முகம் உப்புவதும் அதனால்தான். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருப்பது கொழுப்பு. கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டுக்கு அதுவே பாதை. ஹைட்ரோகார்டிசோன் என்கிற ஸ்டீராய்டு முன்கையில் 1 பங்கு உறிஞ்சப்பட்டால் நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42 பங்கு என்று 1967-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். டயபர் போட்டு மூடினால் இன்னும் கூடும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பும் நம்முடையதைவிடப் பெரிது.

"எண்ணெய் கலந்தா மருந்தோட வீரியம் குறையும்ல?" குறையாது, தயவுசெய்து நம்பாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்தால் வீரியமும் பாதியாகிவிடாது. க்ரீம் என்பது நீரும் எண்ணெயும் பிரியாமல் கட்டிவைத்த கலவை. அதில் எண்ணெயை ஊற்றினால் கட்டு குலையும், ஓரிடத்தில் மருந்து திரளும், இன்னோரிடத்தில் இருக்காது. வழுக்கிக்கொண்டு பரவுவதால் புண் இல்லாத தொடை, வயிறு வரை மருந்து போய்ச் சேரும். ஆலிவ் எண்ணெய் இன்னும் மோசம்: அதிலுள்ள ஓலியிக் அமிலம் தோலின் கொழுப்படுக்கையே கலைக்கும். அதே அமிலத்தையும் சோயா லெசித்தினையும் மருந்தை உள்ளே செலுத்த நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் எந்த மருந்து, எத்தனை சதவீதம், எவ்வளவு உள்ளே போகிறது என்று சோதித்த பிறகுதான். உள்ளங்கையில் குழைத்து அதைச் செய்ய முடியாது.

தேங்காய் எண்ணெய் நல்லதுதான், தனியாகத் தடவுங்கள். மருத்துவர் ஸ்டீராய்டு எழுதித் தந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே அரைமணி நேரம் விடுங்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவரின் விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். டயபர் புண்ணுக்கு முதலில் வேண்டியது ஈரம் படாமல் அடிக்கடி மாற்றுவதும் துத்தநாகக் களிம்பும். சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், ஸ்டீராய்டு அதை மறைத்து வளர்த்துவிடும். எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், வலிப்பு வரலாம்.

மாதக்கணக்கில் தடவியாயிற்றா? பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் உடனே வாருங்கள். வாந்தி, அளவுக்கு மீறிய சோர்வு, பால் குடிக்க மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.