இரத்தம் எடுக்க ஏலாது என்று திருப்பி அனுப்பினால், ஏன் என்று கேட்டுவிட்டுப் போங்கள்

இரத்ததான முகாமில் ஒருவரைப் பார்த்து "இண்டைக்கு உங்களிட்ட எடுக்க ஏலாது" என்று சொல்வதுதான் என் வேலையில் எனக்குக் கடினமான பகுதி. திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் என்று எங்கே முகாம் வைத்தாலும் இது நடக்கும். வெயிலில் வந்து, படிவம் நிரப்பி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தவரின் முகம் சட்டென்று வாடிவிடும். அநேகமானோர் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்விடுவார்கள். கூட வந்த நண்பர்களுக்கு முன்னால் வெட்கம். "எனக்கு ஏதோ பெரிய வருத்தமாக்கும்" என்ற பயம் வேறு. அந்தப் பயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நடந்தவை நடந்தவைதான்.

நம் நாட்டில் தேசிய இரத்தமாற்றுச் சேவையின் அடிப்படை விதிகள் பலருக்குத் தெரியும். வயது 18க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். நிறை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. முன்பு கொடுத்திருந்தால் 4 மாதம் கழிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை வேண்டும். இவற்றில் அதிகம் வாக்குவாதம் வருவது நிறையில்தான். "நான் நல்ல சுகமாத்தானே இருக்கிறன் டொக்டர், 44 கிலோ எண்டா என்ன?" என்று இளம்பெண்கள் கேட்பார்கள். சுகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் உடம்பில் உள்ள இரத்தத்தின் அளவு நிறையைப் பொறுத்தது, கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர். 50 கிலோ உள்ளவரிடம் சுமார் மூன்றரை லீற்றர் இருக்கும். அதில் 450 மில்லிலீற்றர் எடுத்தால் 13 வீதம் போகும். உடம்பு தாங்கிக்கொள்ளும். 44 கிலோ உள்ளவரிடம் அதே அளவை எடுத்தால் அது 15 வீதத்துக்கு அருகில் வந்துவிடும். தலைசுற்றி, கண் இருண்டு, படியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வது அப்படியானவர்கள்தான். இந்த விதி கொடுப்பவரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது.

அதைவிட அதிகமாகச் சொல்ல வேண்டியது, இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைப் பற்றி. முகாம்களில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை நீல நிறத் திரவம் ஒன்றில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது செப்பு சல்பேற்றுக் கரைசல். அதன் அடர்த்தியை 1.053 என்று அமைத்திருப்பார்கள். ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராம் அளவில் உள்ள இரத்தத்தின் அடர்த்தியும் அதுதான். சொட்டு விரைவாக மூழ்கினால் போதிய அளவு இருக்கிறது. மிதந்தால், அல்லது தயங்கித் தயங்கி நின்றால், போதாது. வேகமான, மலிவான, நல்ல சோதனை. ஆனால் அது எண் எதையும் சொல்லாது. உங்களுக்கு 12.2 இருந்தாலும் சொட்டு மிதக்கும், 7.5 இருந்தாலும் மிதக்கும். இரண்டு பேருக்கும் கிடைப்பது "இரத்தம் காணாது" என்ற ஒரே பதில். முன்னவர் சாப்பாட்டைக் கவனித்து, ஒரு முறை பரிசோதித்துப் பார்த்தால் போதும். பின்னவருக்கு உடனே சிகிச்சை வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதை அறிய எஃப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

பெண்களுக்கு இந்தப் பதில் கிடைத்தால் வீட்டில் உள்ளவர்கள் தோளைக் குலுக்குவார்கள். "பொம்பிளையளுக்கு அப்பிடித்தான்." இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முகாமில் திருப்பி அனுப்பப்பட்ட ஓர் ஆசிரியையிடம் மாதவிடாயைப் பற்றிக் கேட்டபோது "எல்லாம் நோர்மல்தான்" என்றார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை துணி, கட்டி கட்டியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் விளங்கியது. ஏழெட்டு நாள், இரவில் எழும்பி மாற்ற வேண்டிய அளவு. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான், ஆகவே அது நோர்மல். ஸ்கான் செய்தபோது கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. புற்றுநோய் அல்ல, குணப்படுத்தக்கூடிய கட்டிகள். பாடசாலைப் படி ஏறும்போது மூச்சு வாங்குவதை வயது என்று நினைத்திருந்தார்.

ஆண்களுக்கு ஈமோகுளோபின் குறைந்தால் நான் இன்னும் கவலைப்படுவேன். மாதவிடாயும் இல்லை, பிரசவமும் இல்லை. அப்படியிருக்க இரத்தம் எங்கே போகிறது? பெரும்பாலும் வயிற்றுக்குள்தான். துறைமுகப் பக்கம் பாரம் தூக்கும் ஒருவர் முழங்கால் நோவுக்கு பாமசியில் தானாகவே குளிசை வாங்கி மாதக்கணக்கில் போட்டு வந்தார். டைக்குளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறிது சிறிதாக இரத்தம் கசியச் செய்யும். மலம் தார்போல் கறுத்துப் போகும். அவர் அதைக் கவனித்திருந்தார், சொல்லத்தான் கூச்சம். மூலம் உள்ளவர்களும் இப்படியே மறைப்பார்கள். நாற்பது, ஐம்பது வயது தாண்டிய ஆணுக்குக் காரணம் தெரியாமல் இரத்தம் குறைந்தால் பெருங்குடல் புற்றுநோயையும் தேடிப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஆரம்பத்தில் பிடித்தால் வெட்டி எடுத்துக் குணப்படுத்தக்கூடிய நோய் அது. இரும்புக் குளிசையை மட்டும் விழுங்கி எண்ணை உயர்த்திவிட்டுக் காரணத்தைத் தேடாமல் இருந்தால் அந்த நல்ல காலம் கழிந்துவிடும்.

இரும்புக் குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாதிப்பேர் அதைப் பிளேன்டீயோடு விழுங்குகிறார்கள். தேயிலையில் உள்ள சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடலால் உறிஞ்ச முடியாது. கல்சியம் குளிசையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். சாப்பாட்டிலிருந்தும் தேநீரிலிருந்தும் ஒரு மணித்தியாலமாவது தள்ளி, குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே சேர்க்க உதவும். மலம் கறுக்கும், அது குளிசையால்தான். சாப்பாட்டில் முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாம் நல்லவை. ஆனால் மீன், இறைச்சி, ஈரலில் உள்ள இரும்புதான் உடம்பில் எளிதில் சேரும். கடலோரத்தில் இருந்துகொண்டு மீனை விற்றுவிட்டுச் சம்பலோடு சோறு சாப்பிடும் குடும்பங்களைக் குச்சவெளிப் பக்கத்தில் பார்க்கும்போது மனம் கனக்கும். எண் சரியான உடனே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சேமிப்பு நிறைய அதன் பிறகும் ஏறக்குறைய 3 மாதம் வேண்டும்.

சிலருக்கு எத்தனை மாதம் இரும்பு கொடுத்தாலும் எண் 11க்கு மேல் ஏறாது. அப்போது நினைக்க வேண்டியது பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியா. நோயாளியைச் சொல்லவில்லை, காவியை, அதாவது தனக்கு நோய் இல்லாமல் அந்தக் குறையைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவரைச் சொல்கிறேன். தலசீமியாக் காவிக்கு எந்தத் துன்பமும் இருக்காது. இரத்தம் சற்றுக் குறைவாகவும் செங்குழியங்கள் சிறியனவாகவும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் காவியான ஒருவர் இன்னொரு காவியை மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடுமையான தலசீமியா வரும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளை அது. நம் மாவட்டத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் வழக்கம் இருப்பதால், ஒரே குடும்பத்தில் இரண்டு காவிகள் சேரும் வாய்ப்பும் கூட. ஓர் இளைஞன் முகாமில் "இரத்தம் காணாது" என்று திருப்பி அனுப்பப்பட்டு, காரணம் தேடி, தான் காவி என்று அறிந்து, நிச்சயம் செய்திருந்த மச்சாளையும் பரிசோதிக்கச் சொன்னான். அவளுக்கு இல்லை. இரண்டு குடும்பமும் நிம்மதியாகக் கலியாணத்தை நடத்தின. காவி என்று தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும் என்று பயந்து மறைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் பிள்ளைக்குக் கடுமையான நோய் வராது.

பிரஷர் கூடியிருக்கிறது என்று திருப்பினால், அந்த ஓர் அளவை வைத்து நோயாளி என்று முடிவு கட்ட வேண்டாம். பயத்திலும் ஏறும், வெயிலில் ஓடி வந்தாலும் ஏறும். வேறு வேறு நாள்களில் அளந்து பாருங்கள். தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான். முதன்முதலில் முகாமில்தான் தங்களுக்குப் பிரஷர் என்று அறிந்துகொள்ளும் முப்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள்.

இனி மறைப்பவர்களைப் பற்றி. வலிப்புக்கு மருந்து எடுப்பவர், இன்சுலின் போடுபவர், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர், போன கிழமை அன்டிபயோட்டிக் எடுத்தவர் எல்லோரும் நல்ல மனதோடு வந்து, கேள்விப் படிவத்தில் "இல்லை, இல்லை" என்று அடித்துக்கொண்டு போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் உங்கள் இரத்தத்தோடு ஒரு கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஆபத்து. அஸ்பிரின் எடுத்தவரின் இரத்தத்தை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுகள் சரியாக வேலை செய்யாது, இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அவற்றை ஏற்றிப் பயனில்லை. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்ததையும் சொல்லுங்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. யாத்திரை போய் வருகிற ஒருவரின் இரத்தத்தால் அது மீண்டும் நுழையக் கூடாது.

உறவினருக்காக வருகிறவர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். "அப்பாவுக்கு ஒப்பரேஷன், நான் குடுக்காட்டி யார் குடுப்பினம்?" என்ற பதற்றம். 2014 முதல் நம் நாட்டில் இரத்தம் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே சேர்க்கப்படுகிறது. நோயாளிக்குப் பதிலாக உறவினர் கொடுத்தே தீர வேண்டும் என்ற பழைய முறை இப்போது இல்லை. நீங்கள் கொடுக்க முடியாமல் போனதால் உங்கள் அப்பாவுக்கு மறுக்க மாட்டார்கள்.

சிலருக்குத் திருப்பி அனுப்புதல் முகாமில் நடக்காது, சில நாள் கழித்துத் தொலைபேசியில் வரும். எடுக்கப்பட்ட ஒவ்வொரு இரத்தப் பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைற்றிஸ் பி, ஹெபடைற்றிஸ் சி, சிபிலிஸ், மலேரியாப் பரிசோதனைகள் உண்டு. "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் எல்லோரும் எயிட்ஸ் என்றே நினைக்கிறார்கள். போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. முதற் பரிசோதனை தவறாகவும் காட்டலாம், உறுதிப்படுத்த இரண்டாவது பரிசோதனை செய்வார்கள். போகாதவருக்கு அந்த இரண்டாவது பதில் கடைசிவரை கிடைக்காது. ஹெபடைற்றிஸ் பி என்று உறுதியானால், இனி இரத்தம் கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஈரலைக் கவனித்துக்கொள்ளலாம், தேவையென்றால் வைரசை அடக்கும் குளிசை இருக்கிறது, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடலாம். ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் அது தொற்றாது. செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தேன், கண் வெளுத்துவிட்டது, ஆகவே வருத்தம் போய்விட்டது என்று இருப்பவர்கள் இதில் குறிப்பாகக் கவனம் எடுக்க வேண்டும். கண் வெளுத்தாலும் பி வைரஸ் உள்ளே இருக்கலாம்.

தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில், இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று இரத்தம் கொடுக்க வருவது மிகவும் ஆபத்தானது. தொற்றிய ஆரம்ப நாள்களில் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது. அந்த இரத்தம் ஒரு பிள்ளைக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் நேராக அரச வைத்தியசாலையின் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே இலவசம், இரகசியமும் காப்பாற்றப்படும்.

திரும்பி வரும்போது மூன்று விடயங்களைக் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள்: என்ன காரணம், தற்காலிகமா நிரந்தரமா, யாரிடம் போய்க் காட்ட வேண்டும். அடுத்த நாளே பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) அதைக் காட்டலாம். இளம் தாய்மார் தங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலும் வழி காட்டுவார்.

முகாம் ஒழுங்கு செய்கிற கோயில் சபைகளுக்கும், பள்ளிவாசல்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியர் கேள்வி கேட்கும் மேசையை மண்டபத்தின் நடுவில் போடாதீர்கள். ஒரு திரைச்சீலையோ தனி அறையோ கொடுங்கள். பக்கத்தில் நண்பன் நின்றால் யாரும் மாதவிடாயைப் பற்றியோ தொற்றைப் பற்றியோ உண்மை சொல்ல மாட்டார்கள். கொடுத்தவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பதை விட்டுவிடுங்கள், வாசிக்கப்படாத பெயர்களை ஊர் கணக்கெடுக்கும். விரத நாளிலும் நோன்புப் பகலிலும் முகாம் வைக்காதீர்கள், வைப்பதானால் இப்தாருக்குப் பிறகு வையுங்கள். திரும்பி வருகிற ஒருவரைப் பார்த்து "ஏன் உன்னட்ட எடுக்கேல்லை?" என்று யாரும் கேட்கக் கூடாது என்பதைத் தொண்டர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிஸ்கட்டும் தேநீரும் அவருக்கும் உண்டு.

கொடுத்தவர்கள் அன்று கடலுக்குப் போக வேண்டாம், சங்கு, கடலட்டைக்குச் சுழியோடவும் வேண்டாம், பனையோ தென்னையோ ஏறவும் வேண்டாம். அடுத்த முறை 4 மாதம் கழித்து வாருங்கள். தற்காலிகமாகத் திருப்பப்பட்டவர்கள் சிகிச்சை முடித்து, புதிய எஃப்.பி.சி. அறிக்கையோடு மாவட்டப் பொது வைத்தியசாலையின் இரத்த வங்கிக்கு வரலாம். முகாம் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.